ரிம்மைக் கடைசியாக வாங்குங்கள்

அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலே சி10 பிக்கப் வண்டிக்கு இன்றும் ரசிகர்கள் ஏராளம். சுமை ஏற்றுவதற்காகச் செய்த வண்டி என்பதால், அதன் முன்பக்கம் தரையிலிருந்து தூக்கலாகத் தெரியும். பழைய வண்டியை வாங்கிப் புதுப்பிக்கிறவர்களில் பலர் முதலில் செய்ய ஆசைப்படுவது அந்த மூக்கைக் கீழே இறக்குவதைத்தான். இறக்கிய பிறகு வரும் தொல்லையும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே: ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது, பள்ளத்தில் இறங்கினால் உள்ளே எங்கோ கரகரக்கிறது. உடனே, வண்டியை அளவுக்கு மீறி இறக்கிவிட்டோம் என்று உயரத்தின் மேல் பழி போடுகிறார்கள். பழி பெரும்பாலும் வேலை நடந்த வரிசைக்கே உரியது. கண்ணுக்குப் பிடித்த ரிம்மை முதலில் வாங்கி, அதற்கு டயர் போட்டு, பிறகு ஸ்பிரிங்கில் கை வைத்து, உரசத் தொடங்கிய பின்புதான் அளவு நாடாவைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் புரிய, சக்கரம் எதில் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். சி10 வண்டியின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள். கீழ் ஆர்முக்கும் சேஸிக்கும் நடுவே காயில் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும். இரண்டு ஆர்ம்களின் நுனியிலும் பால் ஜாயின்ட். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கனத்த இரும்புத் துண்டிலிருந்து சக்கரம் சுழலும் அச்சு நீட்டிக்கொண்டிருக்கும். இந்தத் துண்டை நம் பட்டறைகளில் ஸ்டப் ஆக்சில் என்பார்கள். வண்டியை இறக்க மலிவான வழி ஸ்பிரிங்கை வெட்டுவது, அல்லது குட்டையான ஸ்பிரிங் போடுவது. ஸ்பிரிங் ஆர்மின் நடுவாக்கில் இருப்பதால், அதில் ஓர் அங்குலம் குறைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் இறங்கும். ஆனால் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து, அதற்கும் பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் கட்டைக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். சின்னக் குழியில்கூட இரும்பு ரப்பரில் போய் இடிக்கும். சுற்று குறைந்த ஸ்பிரிங் விறைப்பாகவும் ஆகும்: வேலை செய்யும் பத்துச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு சுமார் 11 சதவீதம் கூடுகிறது. சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய, டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். கேஸ் வெல்டிங் நெருப்பால் ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தொய்ய விடுகிறவர்களும் உண்டு. அது எஃகின் பதத்தையே கெடுக்கும் வேலை. அதைச் செய்யவே கூடாது.

இன்னொரு வழி, ஸ்டப் ஆக்சிலையே மாற்றுவது. அமெரிக்கச் சந்தையில் இந்த வண்டிக்குப் பரவலாகக் கிடைக்கும் துண்டில் சக்கரத்தின் அச்சு இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 63 மில்லிமீட்டர், மேலே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலே போனால் வண்டி கீழே வரும். ஆர்ம்கள் கம்பெனி வைத்த கோணத்திலேயே நிற்பதால் ஸ்பிரிங்கின் பயணம் முழுதாக மிஞ்சுகிறது, சவாரியும் கெடுவதில்லை. அதனால் இதுவே உரசலுக்கும் மருந்து என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மை நேர் எதிர். குட்டை ஸ்பிரிங் போட்ட வண்டியில் பம்ப் ஸ்டாப் இருந்த இடத்திலேயே இருப்பதால், சக்கரம் மட்கார்டுக்குள் பழைய உச்சத்தைத் தாண்டி ஏற முடியாது. அந்த உச்சத்துக்கு அடிக்கடி போகும், அவ்வளவுதான். ஸ்டப் ஆக்சில் மாற்றிய வண்டியிலோ, முழுப் பயணமும் மிச்சமிருப்பதால், பெரிய குழியில் டயர் முன்பு தொட்ட உச்சத்துக்கும் மேலே இன்னும் 63 மில்லிமீட்டர் ஏறும். நல்ல சவாரியைக் காப்பாற்றிய அதே துண்டு மட்கார்டுக்குள் புதிதாக இடம் கேட்கிறது. அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியவை டயரும் ரிம்மும். அவற்றை முதலிலேயே வாங்கி முடித்தவர் எதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்?

டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களே பாதிக் கணக்கைச் சொல்லிவிடும். 235/70ஆர்15 என்றால் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் 710 மில்லிமீட்டர். அதே அகலத்தில் 60 சதவீதச் சுவருக்கு மாறினால் விட்டம் 663. மட்கார்டுக்கு அடியில் சுமார் 23 மில்லிமீட்டர் இடம் கிடைப்பதோடு, வண்டியும் அதே அளவு இறங்கும். பெரிய ரிம் போட்டால் டயர் மெலிந்து இடம் விடும் என்பது தப்புக் கணக்கு. 20 அங்குல ரிம்மில் 245/45 போட்டால் மொத்த விட்டம் 728 மில்லிமீட்டருக்கும் மேல் போகிறது. அடுத்து, ரிம்மின் முகம் எங்கே போல்ட் ஆகிறது என்பது. அது உள்ளே தள்ளியிருந்தால் சக்கரம் வெளியே வரும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயரின் வெளித்தோள் பெரிய வட்டம் போட்டு மட்கார்டின் உதட்டில் இடிக்கும். வெளியே தள்ளியிருந்தால் சக்கரம் உள்ளே போய் ஸ்டெபிலைசர் கம்பியிலோ சேஸியிலோ தட்டும். டிரம் பிரேக்கிலிருந்து டிஸ்குக்கு மாறும்போதும், சில தயாரிப்பு ஸ்டப் ஆக்சில்களிலும், சக்கரம் சற்று வெளியே நகரக்கூடும். இத்தனையும் பொருத்தி முடியாமல் எந்த ரிம் சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

அளக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். சேஸியைத் தாங்கிகளில் உறுதியாக நிறுத்தி, முறையான கருவியால் ஸ்பிரிங்கை இறுக்கிக் கழற்ற வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். கருவியும் பழக்கமும் இல்லாதவர் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. பிறகு கடன் வாங்கிய ஒரு சக்கரத்தை மாட்டி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, சக்கரத்தைத் தொங்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு உயரத்திலும் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் ஒடித்து, டயருக்கும் இரும்புக்கும் எங்கே விரல் நுழைகிறது, எங்கே நுழையவில்லை என்று குறிக்க வேண்டும். ஏற்கெனவே உரசுகிற வண்டியானால் அதுவே சாட்சி சொல்லும். மட்கார்டு உதட்டில் பெயிண்ட் போய்ப் பளபளத்தால் சக்கரம் வெளியே தள்ளியிருக்கிறது. ஸ்டெபிலைசர் கம்பியில் கரிய ரப்பர் தீற்றல் இருந்தால் உள்ளே தள்ளியிருக்கிறது. உள்மட்கார்டின் கூரையில் தடம் இருந்தால் விட்டம் அதிகம்.

அழகுக்காகத்தானே இறக்குகிறோம், ரிம்தானே அழகு, அதைக் கடைசியில் வாங்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ரிம்மில் விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் உயரத்தில் விட்டுக்கொடுக்கட்டும். இரண்டையும் பிடித்துக்கொண்டால் மட்கார்டை வெட்ட வேண்டியிருக்கும். 50 ஆண்டுகளுக்கு மேல் தப்பி வந்த தகட்டை கிரைண்டரால் அறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரிம்மை மாற்றி விற்கலாம், வெட்டிய உதட்டை ஒட்ட முடியாது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை போட்டால் நினைத்த உயரத்துக்கு ஏற்றி இறக்கலாமே என்பது அடுத்த வாதம். பையில் காற்று இறங்கும்போது டயர் இடம் தேடுவது அதே மட்கார்டுக்குள்தான். ஓட்டத்தில் பை ஓட்டையானால் ஸ்டியரிங் திரும்புமா என்பதும் பார்க்க வேண்டியது. ஆகவே அங்கே அளவு இன்னும் கண்டிப்பாக வேண்டும்.

கீழ்ப்பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 24008-ஆம் பிரிவு, மாற்றியமைத்த வண்டியின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழக் கூடாது என்று நீண்ட காலம் விதித்திருந்தது. லோரைடர் எனும் தாழ்த்திய வண்டிகளை ஓட்டுகிறவர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த அந்த விதி 2024 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. ஆனாலும் அதிலுள்ள தொழில்நுட்பக் கருத்து சரியானது: டயர் காற்றிழந்து ரிம் தரையில் பட்டாலும், பால் ஜாயின்ட் தரையைத் தொடக் கூடாது. தாழ்த்திய ஸ்டப் ஆக்சிலில் கீழ் பால் ஜாயின்ட் தரையை நோக்கி இரண்டரை அங்குலம் இறங்கிவிடுகிறது. டை ராடு முனையும் கூடவே இறங்கி ரிம்மின் உள்பக்கத்தை நெருங்குகிறது. இந்தத் துண்டுகளுக்குப் பெரும்பாலும் 15 அங்குலத்துக்குக் குறைந்த ரிம் ஆகாது என்பது அதனால்தான். அளவுகள் கையில் இருந்தால் கடையில் கேட்க வேண்டியவை நான்கு எண்கள்: ரிம்மின் விட்டம், அகலம், போல்ட் முகத்திலிருந்து உள்விளிம்பு வரையுள்ள தூரம், டயரின் மொத்த விட்டம். பொருத்திய பின் சக்கரங்களின் சாய்வைச் சரிசெய்து, இரண்டு பேரை ஏற்றி, மீண்டும் ஒருமுறை இரு கோடிக்கும் ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.