எண் போட்ட பேனாவும் உப்புக் காற்றும்

2009 செப்டம்பரில் ஜெர்மனியின் மோன்ட் பிளாங்க் நிறுவனம் காந்தியின் பெயரில் ஒரு மைப்பேனாவை வெளியிட்டது. மொத்தமே 241 பேனா. தண்டிக்கு அவர் நடந்த தூரம் 241 மைல் என்பது அதற்குச் சொன்ன கணக்கு. 18 காரட் தங்க நிப்பில் கைத்தடியோடு நடக்கும் காந்தி உருவம். உடல்மேல் கையால் சுற்றிய தங்கக் கம்பி, ராட்டை நூலை நினைவூட்டுவதற்காம். விலை 11 லட்சம் ரூபாய்க்கும் மேல். தேசச் சின்னங்களையும் பெயர்களையும் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிற 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2010 தொடக்கத்தில் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது.

காந்தி கையில் எடுத்து எழுதிப் பாராட்டிய பேனா வேறு. அது ராஜமுந்திரியில் ரத்தினம் செய்த சுதேசிப் பேனா. அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நம் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா. கடைத்தெருவில் கிடைக்கும் அயல்நாட்டுப் பேனாவுக்கு இது நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் காந்தி ரத்தினத்துக்கு எழுதினார். எழுதுவது என்ற வேலையில் ராஜமுந்திரிப் பேனாவும் 11 லட்ச ரூபாய்ப் பேனாவும் செய்வது ஒன்றேதான். அப்படியானால் மீதிப் பணம் எதற்கு?

காரைக்காலில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இன்றும் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் ஆள் உண்டு. லீவுக்கு வருகிறவர் பையிலிருந்து ஒரு வாட்டர்மேன் பேனா வெளியே வருவது அதிசயமில்லை. வாங்கிக்கொண்ட மருமகன் அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு மே மாத வெயிலில் பாரதியார் வீதியில் இறங்குவான். அரை மணி நேரத்தில் பை நீலம். “மாமா, பேனா கக்குது!”

பேனாவை ஏசிப் பயனில்லை. மை இறங்க வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே ஏற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து மை நின்றுவிடும். 1827இல் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த ருமேனிய மாணவர் பெத்ராகே போயனாரு மைப்பேனாவுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் மை இறங்குவதையும் காற்று ஏறுவதையும் ஒழுங்காகப் பிடித்துக் கட்டியது 1884இல் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் பெற்ற காப்புரிமைதான். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை போன்ற கீறல்கள் தெரியும். மை அதில் நுண்குழாய் விசையால் நகர்கிறது. 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடித் தகடுகளை நிறுத்தினால் அவற்றுக்கிடையே தண்ணீர் சுமார் 14 சென்டிமீட்டர் தானாக ஏறும். நிப்பின் பிளவும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், அல்லது இன்னும் குறுகியது. பேனாவைத் தலைகீழாகப் பிடித்தாலும் மை கொட்டாமல் நிற்பது இந்த விசையால்தான். கட்டையின் பக்கவாட்டில் சீப்புப் பல்போல வெட்டியிருப்பது அலங்காரமில்லை. மிஞ்சி வரும் மையைத் தேக்கிவைக்கும் இடம் அது.

இனி மருமகன் சட்டைக்கு வருவோம். கணக்குக்கு 3 மில்லி மை பிடிக்கிற, ஃபில்லரால் மை ஊற்றுகிற பேனாவை எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கு மை, இரண்டு பங்கு காற்று. ஏசி அறையில் 25 டிகிரியில் இருந்த பேனா, வெயிலும் உடம்புச் சூடும் சேர்ந்து 37 டிகிரிக்குப் போகிறது. காற்று 4 சதவீதம் விரியும், அதாவது 0.08 மில்லி. ஒரு சொட்டு என்பது 0.05 மில்லி. ஒன்றரைச் சொட்டு மை போக இடமில்லாமல் வெளியே வருகிறது. அதே பேனாவில் மை முழுக்க இருந்து 0.2 மில்லிதான் காற்று என்றால் விரிவு 0.01 மில்லிகூட வராது. சீப்புப் பல்லே அதை வாங்கிக்கொள்ளும். 11 லட்சம் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

விலைக்கு உண்மையாகவே உழைக்கும் பகுதி நிப்புதான். முற்காலத்து மை இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பும் சேர்ந்த அமில மை. சாதாரண எஃகு நிப்பைத் தின்றுவிடும். தங்கத்தை அது தொடாது. 14 காரட் என்றால் 58.5 சதவீதம் தங்கம், 18 காரட் என்றால் 75. ஆனால் தங்கம் மென்மையானது, காகிதத்தில் தேயும். அதனால் முனையில் ஆஸ்மியம், இரிடியம், ருத்தீனியம் போன்ற கடின உலோகங்களின் கலவையில் ஒரு சிறு குமிழைப் பற்றவைத்து, பிறகு பிளந்து, தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். காகிதத்தைத் தொடுவது அந்தக் குமிழ் மட்டும்தான். இன்றைய துருப்பிடிக்காத எஃகு நிப்பும் நன்றாகவே தாங்கும். கடலோரத்தில் குளோரைடு உப்பு படிந்தால் அதிலும் புள்ளி விழலாம் என்பதால் காரைக்கால்காரர்களுக்குத் தங்கம் கொஞ்சம் கூடுதல் நிம்மதி, அவ்வளவே.

மீதி விலையைத் தீர்மானிப்பது வாங்குகிறவர் மூளை. 1975இல் உளவியலாளர் ஸ்டீபன் வொர்செல் குழு ஒரு சோதனை செய்தது. சிலருக்குப் பத்து பிஸ்கட் உள்ள ஜாடி, சிலருக்கு இரண்டே உள்ள ஜாடி. இரண்டு உள்ள ஜாடிக்காரர்கள் அந்தப் பிஸ்கட்டை அதிகம் விரும்பத்தக்கது, விலை கூடியது என்றார்கள். சுவை கூடுதலா என்று கேட்டபோது அப்படியொன்றும் இல்லை. பேனா மூடியில் 17/241 என்று பொறிப்பதன் ரகசியம் இதைவிடப் பெரிதில்லை. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: பழச்சாறு வரப்போகிறது என்ற அறிகுறி பழகிவிட்டால், மூளையிலுள்ள டோபமைன் செல்கள் அறிகுறிக்கே துள்ளுகின்றன, சாறு வரும்போது சும்மா இருக்கின்றன. புதுப் பேனா வெளியீட்டு அறிவிப்பு வந்த அன்று இருக்கிற பரபரப்பு, பார்சலைப் பிரிக்கிற அன்று ஏன் பாதியாகிவிடுகிறது என்று எந்தச் சேகரிப்பாளரைக் கேட்டாலும் சிரிப்பார். கைக்கு வந்த பிறகு வேறொரு பித்து பிடிக்கிறது. நடத்தைப் பொருளியல் ஆய்வாளர்கள் கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் காட்டியதுபோல, கையிலிருக்கும் சாதாரணக் கோப்பைக்கே அதை வைத்திருப்பவர், வாங்க வருபவர் சொல்லும் விலையைப்போல இரு மடங்குக்கு மேல் கேட்கிறார். மை படாத பேனா என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பரபரப்பைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதனால் பிழைக்கிற பட்டறைகளும் உண்டு. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் உருளையை லேத்தில் கடைந்து பேனா செய்கிறார்கள். பெரும்பாலும் ஜெர்மன் நிப்பு பொருத்துகிறார்கள். உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். ரப்பரோடு கந்தகத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால் வரும் கட்டியான பொருள்தான் எபோனைட். தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் கந்தக நெடி வரும். கைச்சூட்டைச் சீக்கிரம் உள்ளே கடத்தாது, மையை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஃபில்லர் போட்டு ஊற்றுகிற பேனாவுக்கும் நம் வெயிலுக்கும் இதுபோல் ஒத்துப்போகிற பொருள் குறைவு. எதிரி வெளிச்சமும் ஈரமும். இரண்டும் சேர்ந்தால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து, கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். அப்புறம் மெருகு ஏற்றித்தான் மீட்க வேண்டும்.

ஆகவே கடலோரத்தில் பேனா வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். எபோனைட் பேனாவைக் கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி காட்சிக்கு வைக்காதீர்கள்; மூடிய பெட்டியில் வையுங்கள். ஐப்பசி மழையில் காகிதம் ஈரம் குடித்து மை பரவினால் பேனாவைக் குறை சொல்லாமல் சன்ன நிப்புக்கு மாறுங்கள். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். மை பாதிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி நிரப்பிவிடுங்கள். அதற்கு மேலும் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வெயிலில் போவதானால் வெள்ளைச் சட்டை வேண்டாம்.