கோக்கனட் ஷேக் கடையும் சிஸ்டம் டிசைனும்: மூத்த பொறியாளர் நேர்முகத் தேர்வு எப்படி இயங்குகிறது?

பள்ளி விடுமுறை நாளில் மலாக்காவின் கிளேபாங் கடற்கரைப் பக்கம் போனவர்களுக்கு அங்குள்ள கோக்கனட் ஷேக் கடைகளின் கூட்டம் தெரியும். இளநீர், வழுக்கை, ஐஸ் மூன்றையும் பிளெண்டரில் அடித்து, மேலே ஒரு கரண்டி வெண்ணிலா ஐஸ்கிரீம் வைத்தால் ஷேக் தயார். வீட்டில் யாரும் செய்துவிடலாம். அதே ஷேக்கை வெயில் மண்டையைப் பிளக்கும் வேளையில், வரிசை சாலைக்கு வந்துவிடாமல், மணிக்கு 150 பேருக்குக் கொடுப்பது வேறு வேலை. செய்முறை தெரிந்தவர் இளநிலைப் பொறியாளர். கடையையே நடத்தத் தெரிந்தவர் மூத்த பொறியாளர். நேர்முகத் தேர்வு இந்த வேறுபாட்டைத்தான் தேடுகிறது.

ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், டுரியான் துங்காலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (UTeM), பத்து பெரெண்டாமில் சிப் தொழிற்சாலைகள் என்று மலாக்காவிலேயே படிப்பும் வேலையும் இருக்கின்றன. இங்கே தொடங்கி ஏழெட்டு ஆண்டு அனுபவத்தோடு சைபர்ஜெயா, பினாங்கு, சிங்கப்பூர் என்று அடுத்த படிக்கு முயல்கிற நம் பிள்ளைகள் பலர். நிரல் எழுதும் சுற்றில் தேறிவிட்டு, சிஸ்டம் டிசைன் சுற்றில் தடுமாறுகிறார்கள். சுமார் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் நடக்கும் அந்தச் சுற்றில், “டிக்கெட் விற்கும் தளம் ஒன்றை வடிவமையுங்கள்” என்பது போல ஒரே வரியில் கேள்வி வரும். அதன் உள்ளே நடப்பதைக் கடையின் சமையலறையை வைத்தே பார்ப்போம்.

1. முதலில் கேளுங்கள்

கடை போடச் சொன்னதும் பிளெண்டர் வாங்க ஓடக்கூடாது. ஷேக் மட்டும்தானா, பிசாங் கோரெங்கும் உண்டா? வார நாளில் எத்தனை பேர், விடுமுறையில் எத்தனை பேர்? எத்தனை நிமிடம் காத்திருக்கச் சம்மதிப்பார்கள்? தேர்விலும் முதல் ஐந்து நிமிடம் இதற்குத்தான். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு பேருக்கு, எவ்வளவு வேகத்தில், எது தவறவே கூடாது என்று கேட்டுப் பலகையில் எழுதுங்கள். கேள்வி வேண்டுமென்றே அரைகுறையாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை முழுமையாக்குவதும் உங்கள் வேலை.

2. கணக்குப் போடுங்கள்

ஒரு பிளெண்டர் நிமிடத்துக்கு இரண்டு கப் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 120 கப். 150 பேர் வந்தால் மணிக்கு 30 பேர் வரிசையில் சேர்ந்துகொண்டே போவார்கள். இரண்டாவது பிளெண்டர் வாங்கினால் 240 கப்; சமாளிக்கலாம்.

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று இங்கே உதவும். வரிசையில் நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு 2.5 பேர் வந்து, ஒவ்வொருவரும் ஆறு நிமிடம் காத்திருந்தால், எந்நேரமும் 15 பேர் நிற்பார்கள். கடை வாசலில் பத்துப் பேருக்குத்தான் இடமென்றால், காத்திருப்பு நான்கு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. சர்வரில் தேங்கும் கோரிக்கைகளுக்கும் இதே விதிதான்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். வருகையும் தயாரிப்பு நேரமும் முன்பின்னாக இருக்கும் ஒற்றைப் பிளெண்டர் கடைக்கு, வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரி சொல்வது இது: பிளெண்டர் 80 விழுக்காடு நேரம் ஓடினால் கடையில் சராசரி 4 பேர். 90 விழுக்காட்டில் 9 பேர். 95 விழுக்காட்டில் 19 பேர். கடைசி ஐந்து விழுக்காடு கூட்டத்தை இரட்டிப்புக்கு மேல் ஆக்கிவிடுகிறது. சர்வரை முழுத் திறனில் ஓடவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைப்பது இதனால்தான்.

3. நெருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பணம் வாங்குபவர், காய் வெட்டுபவர், பிளெண்டர், ஐஸ்கிரீம் வைப்பவர் என்று வேலை நான்கு கை மாறுகிறது. காய் வெட்டுவதுதான் மெதுவென்றால், இன்னொரு கல்லா திறந்து பயனில்லை. வெட்டுபவர் முன்னால் இன்னும் அதிகம் குவியும். தேர்வில் பலர் எடுத்ததும் சர்வர்களைக் கூட்டிவிடுகிறார்கள். எல்லாச் சர்வர்களும் ஒரே டேட்டாபேஸிடம் போய் நிற்கின்றன என்றால், நெருக்கடி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் மணிக்கு எவ்வளவு தாங்கும் என்று எழுதி, மிகச் சிறிய எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

4. முன்கூட்டித் தயார் செய்தால் என்ன விலை?

வழுக்கையை முன்பே சுரண்டி ஐஸ் பெட்டியில் வைத்தால் வேகம் கூடும். இதுதான் கேச். ஆனால் எவ்வளவு நேரம் வைக்கலாம்? அதிகம் வைத்தால் கெட்டுப்போகும், குறைத்தால் பயனில்லை. “கேச் போடுவேன்” என்று நிறுத்தினால் பாதி மதிப்பெண். எதை வைப்பேன், எப்போது தூக்கி எறிவேன், பழைய தகவல் சிறிது நேரம் தெரிந்தால் யாருக்குப் பாதிப்பு என்பதையும் சொன்னால் முழு மதிப்பெண்.

5. வாசலில் முறை எண்

பணம் வாங்கியதும் எண் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் கல்லாவை அடைத்துக்கொண்டு நிற்க மாட்டார். மென்பொருளில் இதற்குக் கியூ என்று பெயர். காய் தீரும் நிலை வந்தால், இருபது நிமிடம் காக்கவைத்துக் கைவிரிப்பதைவிட வாசலிலேயே “முடிந்தது” என்று பலகை மாட்டுவது மரியாதை.

மலேசியர்களுக்கு இதற்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு உண்டு. 2021 மே 26 நண்பகலில் ஆஸ்ட்ராஜெனெகா கோவிட் தடுப்பூசிக்கான இணையப் பதிவு திறந்தது. ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் நுழைந்தது. பலருக்குப் பக்கம் சரியாக வேலை செய்யவில்லை. தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். அந்த நாளையே பயிற்சிக் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் முறை எண் எப்படிக் கொடுப்பீர்கள்? ஒரே இடம் இருவருக்குப் போகாமல் எப்படிக் காப்பீர்கள்?

6. இரண்டு முறை பணம் போகலாமா?

வாடிக்கையாளர் டுயிட்நவ் கியூஆரில் பணம் அனுப்புகிறார். கைப்பேசியில் சிக்னல் போய்விடுகிறது. பணம் போனதா என்று தெரியாமல் மறுபடி அழுத்துகிறார். இரண்டு அழுத்தலும் ஒரே சீட்டு எண்ணைத் தாங்கி வந்தால், கடைக்காரர் “இந்த எண்ணுக்கு வாங்கியாயிற்று” என்று இரண்டாவதை விட்டுவிடுவார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண், அதன் மறுமுயற்சிக்கும் அதே எண் வேண்டும் என்பது இதற்காகத்தான். பணம் சம்பந்தப்பட்ட எந்த வடிவமைப்பிலும், கேட்பதற்கு முன்பே இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

7. இரண்டாவது கடை

இரண்டு கடை, ஒரே காய்க் கிடங்கு. தொடர்பு அறுந்துவிட்டது. கணக்குத் தவறக்கூடாது என்று விற்பனையை நிறுத்துவதா, உத்தேசமாக விற்றுவிட்டு இரவில் சரிபார்ப்பதா? இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. எரிக் புரூவர் 2000இல் முன்வைத்த இக்கருத்தை, சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்ச்சும் 2002இல் கணிதமாக நிறுவினார்கள். வங்கி இருப்பென்றால் நிறுத்துங்கள். ஒரு படத்துக்கு எத்தனை லைக் என்ற எண்ணிக்கையென்றால் ஓடவிடுங்கள். எதைத் தேர்ந்தாலும், எதை இழக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தேர்வாளர் காத்திருப்பது அந்த வாக்கியத்துக்குத்தான்.

8. உங்கள் பங்கு என்ன?

மற்றொரு சுற்றில் பழைய வேலைகளைப் பற்றிக் கேட்பார்கள். நம் வீடுகளில் தற்பெருமை பேசாதே என்று சொல்லி வளர்க்கிறார்கள். நல்ல வளர்ப்புதான், ஆனால் அதனால் குழுவின் சாதனையைச் சொல்லிவிட்டுத் தன் பங்கை விழுங்கிவிடுகிறோம். சிக்கல் என்ன, நீங்கள் எடுத்த முடிவு என்ன, யார் மறுத்தார்கள், எப்படி இசைய வைத்தீர்கள், எண்ணில் என்ன மாறியது என்று நான்கைந்து கதைகளை எழுதித் தயாராக வையுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்வது பெருமையடிப்பது ஆகாது.

எப்படிப் பயிற்சி செய்வது?

மார்ட்டின் கிளெப்மன் 2017இல் வெளியிட்ட ‘டிசைனிங் டேட்டா இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ்’ நூலை நிதானமாகப் படியுங்கள். கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ‘சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு வாரத்துக்கு இரண்டு கேள்வி எடுத்து, கடிகாரம் வைத்து, வெள்ளைப் பலகையில் வரைந்து, உரக்கப் பேசுங்கள். முதலில் தமிழில் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குங்கள். கணினி படிக்காதவருக்கும் புரிகிறதென்றால் சிந்தனை தெளிந்துவிட்டது. அதையே மறுநாள் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். சொற்கள்தான் மாற வேண்டியிருக்கும்.

எட்டுப் பத்து ஆண்டுகள், நேரடிப் பயன்பாட்டில் இருக்கும் சர்வர்கள் நள்ளிரவில் விழுந்தபோதெல்லாம் எழுந்து தூக்கி நிறுத்தியவருக்கு, மேலே சொன்னதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அந்த அனுபவத்தை ஒழுங்குபடுத்தி, காரணத்தோடு, ஒரு மணி நேரத்துக்குள் இன்னொருவர் முன் எடுத்து வைக்கப் பழகுவதுதான் மீதிப் பாதி. அதைப் பழக்கத்தால் பெறலாம். எனவே விண்ணப்பம் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.