நடை தளர்ந்தாலும் பிரயாணம் உண்டு



டிசம்பர் மாதமும் மே மாதமும் நெருங்கும்போது எங்கள் வெளிநோயாளர் பிரிவில் முதியோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், நான் ஊருக்குப் போய் வரலாமா?" பேரனின் திருமணமாக இருக்கலாம், படுக்கையில் விழுந்துவிட்ட தங்கையைப் பார்ப்பதாக இருக்கலாம், பிறந்த ஊர்க் கல்லறையில் கணவருக்கு ஒரு மாலை வைப்பதாகவும் இருக்கலாம். கேட்கிறவர் குரலில் ஆவலும் அச்சமும் சேர்ந்தே ஒலிக்கும். நாங்கள் பதில் சொல்லும் முன்பே, உடன் வந்தவர்கள், "இந்த வயதில் எதற்கு அலைச்சல்?" என்று முடித்துவிடுவார்கள்.

மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு ஆகியவற்றால் நடை குறைந்தவர்கள் பிரயாணமே செய்யக்கூடாது என்று மருத்துவம் சொல்வதில்லை. ஆயத்தமில்லாமல் புறப்படக்கூடாது என்றுதான் சொல்கிறது. வீட்டோடு இருந்துவிடுவதிலும் இழப்பு உண்டு. ஒருமுறை "வேண்டாம்" என்று கேட்டவர் அடுத்த முறை கேட்பதையே விட்டுவிடுகிறார். உடன்பிறந்தவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் வாய்ப்பு அப்படியே கைநழுவிப் போகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரு கால்களின் செயலையும் இழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கால்கள் செயலிழந்த பிறகுதான் ஆஸ்திரேலியாவுக்கும் நியூயார்க்குக்கும் பிரயாணம் செய்து மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது அந்தப் பிரயாணங்களின் பலன். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதோ ஓர் இரவு இரயில் பிரயாணம் மட்டுமே. அதைப் பத்திரமாகச் செய்யும் வழிகளை இங்கே தருகிறோம்.

டிக்கெட் எடுக்கும் முன்

60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் இரயிலில் கீழ்ப் படுக்கைகள் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த ஒதுக்கீட்டில் டிக்கெட் எடுப்பவர்கள் தனியாகவோ, அதே தகுதியுள்ள இருவராகவோ செல்ல வேண்டும். பேரப்பிள்ளைகளையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் ஐந்து பேருக்குப் பதிவு செய்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெரியவர்களுக்குத் தனி டிக்கெட்டும் மற்றவர்களுக்கு வேறு டிக்கெட்டும் எடுப்பதே நல்லது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆகவே திருமண நாள் தெரிந்தவுடன் காலண்டரில் அந்த 60-ஆம் நாளைக் குறித்து வையுங்கள். மேல் படுக்கையே கிடைத்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். வண்டியில் கீழ்ப் படுக்கை காலியாக இருந்தால், டிக்கெட் பரிசோதகர் அதை முதியோருக்கு மாற்றித் தர விதியில் இடமுண்டு.

முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாத அளவுக்குக் கை கால் ஊனமுற்றவர்களுக்கு உரிய சலுகை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. இரண்டாம் வகுப்புப் படுக்கையில் அது 75 சதவீதம். உடன் செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. இதற்கு அரசு மருத்துவரின் சான்றிதழ் தேவை. பக்கவாதத்தால் நிரந்தரமாக நடை இழந்த பெரியவர்கள் பலர் இதற்குத் தகுதி பெற்றும் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்.

பகலா, இரவா?

எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுதும் படுத்தபடி போகலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் வண்டி அதே தூரத்தைப் பகலில் ஏறத்தாழ 8 மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால் அதில் உட்கார்ந்தே செல்ல வேண்டும். முதுகுவலியும் இடுப்புவலியும் உள்ளவர்களுக்குப் படுக்கை வசதியே ஏற்றது. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுபவர்கள், இருட்டில் கண் மங்குபவர்கள், இடம் மாறினால் குழம்பிப் போகிறவர்கள் ஆகியோருக்குப் பகல் வண்டி பாதுகாப்பானது. எதில் சென்றாலும் கழிப்பறைக்கு அருகில் உள்ள இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

இரயில் பிரயாணத்தில் அதிகக் கவனம் தேவைப்படுவது பெட்டியின் வாசலில்தான். சிறிய நிலையங்களில் வண்டி இரண்டு நிமிடமே நிற்கும். அந்த அவசரத்தில்தான் பெரியவர்கள் விழுகிறார்கள். ஆகவே அரைமணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குச் சென்று, உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று கேட்டறிந்து, அந்த இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். பெரிய நிலையங்களில் சக்கர நாற்காலி கிடைக்கும். நிலைய அதிகாரியிடம் கேளுங்கள். தள்ளிச் செல்லும் போர்ட்டருக்குக் கூலி எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இறங்கும் ஊரில் உறவினர் ஒருவர் பெட்டி எண்ணைத் தெரிந்துகொண்டு பிளாட்பாரத்திலேயே நிற்கட்டும். இறங்க வேண்டிய நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே செருப்பணிந்து ஆயத்தமாகுங்கள்; ஆனால் வண்டி நிற்கும்வரை வாசலுக்குச் செல்லாதீர்கள்.

எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது வலியுள்ள கால் முதலில். நல்ல கால்தான் உடலின் பாரத்தைத் தூக்கவும், மெதுவாக இறக்கவும் வல்லது. கைத்தடியை நல்ல காலின் பக்கமுள்ள கையில் பிடிக்க வேண்டும். பிளாட்பாரம் தாழ்வாக இருந்தால், இரு கைப்பிடிகளையும் பற்றி, பெட்டியைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குங்கள்.

தண்ணீரும் மாத்திரையும்

கழிப்பறைக்குப் போகும் சிரமத்துக்கு அஞ்சி, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வண்டி ஏறுகிறவர்கள் பலர். இதனால் தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம் ஆகியவை உண்டாகின்றன. ஒரேயடியாகக் குடிக்காமல், மணிக்கொருமுறை சில மிடறு தண்ணீர் குடியுங்கள். காப்பியையும் தேநீரையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஆபத்தானது, நீர் பிரியும் மாத்திரையை நிறுத்திவிடுவது. இருதயம் பலவீனமானவர்கள் இதை நிறுத்தினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரலாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்த கையோடு அங்குள்ள மருத்துவமனையைத் தேட நேரிடும். ஃபுரோசமைடு மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆகவே இரவு வண்டியில் செல்பவர் அன்று காலையே அதைச் சாப்பிட்டால் வண்டியில் தொல்லை இராது. நேரத்தை மாற்ற வேண்டுமானால் உங்கள் மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள், நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

மருந்துகள் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும்; இருக்கைக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வேண்டாம். திரும்பி வரும் நாளுக்கு மேலும் ஒரு வாரத்துக்குப் போதுமானதாக எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினை வெயில் படாமல் வையுங்கள். ஆனால் பனிக்கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. நோய், மருந்துகளின் பெயர், அளவு, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வையுங்கள். வழியில் சுகவீனம் ஏற்பட்டால் 139 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்; டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

நீண்ட நேரம் உட்காரும்போது

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பிரயாணம் செய்தால், காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விமானத்துக்கு மட்டுமன்றிப் பேருந்து, கார், இரயில் அனைத்துக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவே. அண்மையில் இடுப்பு அல்லது முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு அதிகம். எழுந்து நடக்க முடியாதவர்களும் உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலாம். பிறகு விரல்களை உயர்த்தித் தாழ்த்தலாம். மணிக்கொருமுறை இருபது தடவை செய்யுங்கள். பிரயாணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம்; உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பேருந்து, கார், விமானம்

பேருந்தில் கடைசி வரிசை முதியோருக்கு ஆகாது. வேகத்தடையில் தூக்கிப் போடும்போது, எலும்பு பலமிழந்த வயதான பெண்களுக்கு முதுகெலும்பு நசுங்கி முறிவதுண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இருக்கையே குலுக்கல் குறைந்தது. காரில் ஏறும்போது காலை முதலில் நுழைக்காமல், இருக்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இருக்கையின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் உடல் எளிதில் திரும்பும். திரும்பியபின் பையை எடுத்துவிடுங்கள். விமானத்தில் செல்வோர் சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டும். குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகவாவது தெரிவிக்க வேண்டும்.

உடன் செல்வோருக்கு ஒரு வார்த்தை

பக்கவாதம் வந்தவரின் பலவீனமான கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பைச் சுற்றித் தாங்குங்கள். படி ஏறும்போது அவருக்குப் பின்னாலும், இறங்கும்போது அவருக்கு முன்னாலும் நில்லுங்கள். சக்கர நாற்காலியைச் சரிவில் இறக்கும்போது பின்பக்கமாக மெதுவாக இறக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். "அம்மா, இப்போது எழுந்திருக்கலாமா?" என்று கேட்டுவிட்டுக் கை கொடுப்பதற்கும், மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்குவதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. கேட்டால் அவரும் தம் பலத்தைக் கொடுத்து எழுவார். உங்கள் முதுகும் தப்பும்.

பிரயாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வீட்டு வாசலிலிருந்து தெருமுனைவரை தினமும் நடந்து பழகுங்கள். மூன்று படி ஏறி இறங்க முடிகிறதா என்று துணையோடு பாருங்கள். முடிந்தால் டிக்கெட்டுக்குச் சொல்லிவிடலாம். முடியாவிட்டால் அதற்குரிய பயிற்சியைக் கற்றுக்கொடுக்க இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஊரில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் வயதாகிறது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.