முதல் ஆட்டம் தோற்றால் என்ன?



நான் திருமுல்லைவாயலில் வசிக்கும் இல்லத்தரசி. படித்தது பத்தாவது வரைதான். இந்தப் பகுதியில் தோழிகள் வீட்டுச் சிக்கனம், பிள்ளை வளர்ப்பு, மாமியார் மருமகள் விஷயம் என்று எழுதுவதையெல்லாம் தவறாமல் படிப்பவள். நான் எழுதப் போவது கால்பந்தைப் பற்றி. "இவளுக்கு வேற வேலை இல்லையா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். விஷயம் சுற்றிச் சுற்றி நம் வீட்டுப் பெண் பிள்ளைகளிடம்தான் வந்து நிற்கும்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் போட்டி ஆரம்பித்தபோது நம் ஊருக்கென்று சென்னையின் எஃப்.சி. என்ற கிளப் வந்தது. அன்றிலிருந்து நான் அதன் ரசிகை. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவருக்குக் கிரிக்கெட்தான் எல்லாம். எனக்குக் கால்பந்துதான் வசதி. ஏழு மணிக்குள் குழம்பு, கூட்டு முடித்து வைத்துவிட்டால் ஏழரைக்கு உட்கார்ந்து, ஒன்பதரைக்குள் எழுந்துவிடலாம். கிரிக்கெட் மாதிரி நாள் முழுக்க டி.வி. ஓடாது.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சீசனிலும் முதல் சில ஆட்டங்களை எழுதி வைப்பது என் வழக்கம். தேதி, எதிரணி, கோல் கணக்கு, அவ்வளவுதான். சீசன் போகப் போக பொங்கல், பிள்ளைக்குப் பரீட்சை, ஊர்க் கல்யாணம் என்று எழுதுவது விட்டுப் போகும். அதனால் எந்த வருஷத்தை எடுத்தாலும் ஆரம்பம் மட்டும் ஒழுங்காக இருக்கும். முடிவு எப்படியும் பேப்பரில் வந்துவிடும்.

முதல் ஆட்டம் தோற்ற அன்று எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. "இந்த வருஷம் அவ்வளவுதான். டி.வி.யை அணை" என்பார் அவர். முதல் ஆட்டம் ஜெயித்தால், "கப்பு நமக்குத்தான்" என்று அவரே சொல்வார். இந்த இரண்டு பேச்சும் எவ்வளவு தூரம் நிஜம் என்று பார்க்கத்தான் ஒருநாள் மதியம் பழைய நோட்டுகளை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வருஷம் 2014. அக்டோபர் 15-ம் தேதி கோவாவில் முதல் ஆட்டம், 2-1 என்று வெற்றி. அடுத்து நம்ம ஊர் நேரு ஸ்டேடியத்தில் கேரளாவுடன், அதுவும் 2-1 வெற்றி. பிரேசில்காரர் எலானோ அந்த வருஷம் 8 கோல் போட்டார். லீக் பட்டியலில் நாம்தான் முதலிடம். ஆனால் அரையிறுதியில் அதே கேரளா கொச்சியில் 3-0 என்று அடித்துவிட்டது. சென்னையில் நாமும் மூன்று கோல் போட்டுச் சமன் செய்தோம். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அவர்கள் ஒன்று போட, எல்லாம் முடிந்தது. ஆரம்பம் அமர்க்களம், கோப்பை இல்லை.

2015-ல் முதல் ஆட்டமே நம் ஊரில். கொல்கத்தாவிடம் 2-3 என்று தோல்வி. அடுத்து டெல்லியிடம் 0-1. பத்து ஆட்டம் முடிந்தபோது நம் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அதற்குப் பிறகு வரிசையாக நான்கு வெற்றி. அதற்குள் டிசம்பர் மழை. 2015 டிசம்பர் 1-ம் தேதியை நம் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியுமா? பூந்தமல்லி பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் போய் ஊரையே மூழ்கடித்தது. எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊரில் ஆட முடியாத அணி அங்கே போய்க் கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தது. டிசம்பர் 20-ம் தேதி இறுதி ஆட்டம், கோவாவில். 90 நிமிடம் முடியப் போகும்போது 1-2 என்று பின்னால் இருந்தோம். எதிரணி கோல்கீப்பர் கையாலேயே ஒரு கோல் உள்ளே போய்ச் சமன் ஆனது. பிறகு மென்டோசா ஒன்று போட்டார். 3-2, கோப்பை நமக்கு. வெள்ளத்தில் நனைந்த பாயையும் தலையணையையும் மொட்டை மாடியில் காய வைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் மனசுக்குத் தெம்பாக வந்த ஒரே செய்தி அதுதான்.

2017 நவம்பர் 19. மறுபடியும் முதல் ஆட்டம் சென்னையில், கோவாவுடன். இடைவேளைக்குள் 0-3. அவர் வழக்கம்போல எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். பின்பாதியில் நம்மவர்கள் இரண்டு கோல் போட்டு 2-3 என்று தோற்றார்கள். நோட்டில் பக்கத்திலேயே "பின்பாதி நல்லா ஆடினாங்க" என்று எழுதி வைத்திருக்கிறேன். நான்கு நாள் கழித்து நார்த் ஈஸ்ட் அணியை 3-0 என்று ஜெயித்தார்கள். 2018 மார்ச்சில் அரையிறுதிக்கு வந்தது அதே கோவா. ஆட்டம் அதே நேரு ஸ்டேடியத்தில். இந்தத் தடவை 3-0 நமக்கு. அதில் ஒரு கோல் நம்ம வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் போட்டது. நாம் சென்ட்ரலுக்கு லோக்கல் ரயிலில் போகும்போது தாண்டிப் போகிறோமே, அதே வியாசர்பாடிதான். மார்ச் 17-ல் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை.

'அப்படியானால் முதலில் தோற்பதுதான் ராசியோ?' என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த சீசனிலும் முதல் ஆட்டம் தோல்விதான். ஆனால் அந்த முறை எழுந்திருக்கவே இல்லை. நார்த் ஈஸ்ட்டுடன் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு 3-4 என்று தோற்றார்கள். மொத்தம் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, கடைசி இடம்.

2019 கதை இன்னும் வேடிக்கை. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. 0-3, 0-0, 0-1, 0-3. நோட்டில் பார்த்தால் முட்டைக்காரர் கணக்கு மாதிரி இருக்கும். ஐந்தாவது ஆட்டம் நவம்பர் 25, திங்கட்கிழமை, ஹைதராபாத்துடன். எதிர்வீட்டு அக்காவும் நானும், அப்போது ஏழு வயதான என் மகளும் ஸ்டேடியத்துக்கே போயிருந்தோம். துணைக்கு இவரும் வந்தார். 88-வது நிமிடம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. "கிளம்பு, ஆவடி லோக்கலைப் பிடிக்கணும். இன்னைக்கும் முட்டைதான்" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார். "இருங்க, இதைவிட்டா அடுத்த ரயில்" என்றேன். 'இன்ஜுரி டைம்' என்று சேர்த்துக் கொடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் நாம் ஒரு கோல், அவர்கள் ஒரு கோல், கடைசி மூச்சில் வால்ஸ்கிஸ் இன்னொன்று. 2-1! மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் சத்தத்தில் அலறி எழுந்தாள். முன்பே எழுந்து போனவர்கள் அத்தனை கோலையும் தவறவிட்டார்கள்.

அதன் பிறகு பயிற்சியாளர் மாறினார். ஓவன் காயில் வந்தார். அந்த அணி இறுதி ஆட்டம் வரை போனது. 2020 மார்ச் 14-ல், கொரோனா பயத்தால் ஆளே இல்லாத மைதானத்தில் கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றது. நான்கு ஆட்டத்தில் கோலே போடாத அணி இறுதி வரை வரும் என்று யார் நினைத்தார்கள்?

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2020, 2021, 2022 மூன்று வருஷமும் முதல் ஆட்டம் வெற்றி. மூன்று வருஷமும் முடிவில் எட்டாவது இடம். 2023-ல் முதல் மூன்றும் தோல்வி, ஆனால் ஆறாவதாக வந்து பிளே ஆஃப் போனார்கள். 2024-ல் ஒடிசாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்து ஆரம்பித்தார்கள். முடிந்தது பதினொன்றாவது இடத்தில்.

ஆக, முதல் ஆட்டத்தின் கோல் கணக்கை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது. யோசித்தால் காரணமும் புரிகிறது. ஒவ்வொரு சீசனிலும் பாதி ஆட்கள் புதுசு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நம் ஊர்ப் புழுக்கமே ஒத்துக்கொள்ள நாளாகும். யார் எந்தப் பக்கம் ஓடுவான், யாருக்கு இடது கால் பழக்கம் என்பதெல்லாம் சேர்ந்து ஆடித்தான் தெரியும். புகுந்த வீட்டுச் சமையலறையில் முதல் வாரம் நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? கடுகு எந்த டப்பாவில், மாமாவுக்கு உப்பு எவ்வளவு என்று தெரியாமல் வைத்த ரசத்தை வைத்தே "இவளுக்குச் சமைக்கத் தெரியாது" என்று முடிவு கட்டினால் நியாயமா?

அதனால் ஆரம்ப ஆட்டங்களில் நான் கோல் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று கோல் வாங்கிய பிறகு தலையைத் தொங்கப் போட்டார்களா, ஓடினார்களா? போன ஆட்டத்தில் செய்த தவறையே இந்த ஆட்டத்திலும் செய்கிறார்களா? இந்த இரண்டையும்தான் கவனிக்கிறேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எட்டாவது படிக்கும் என் மகள் இந்த வருஷம் பள்ளிக் கால்பந்து அணியில் சேர்ந்தாள். பெண்களுக்கென்று அந்தப் பள்ளியில் அணி சேர்த்ததே இந்த வருஷம்தான். முதல் ஆட்டம் 0-6. இரண்டாவது 0-4. மூன்றாவது 1-3. முட்டியில் சிராய்ப்பு, முகமெல்லாம் வெயில்.

அத்தை ஆரம்பித்துவிட்டார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் பந்து? இப்படிக் கறுத்துப் போயி, காலெல்லாம் தழும்போட நின்னா நாளைக்கு யார் கட்டிப்பா?" இவரும் சேர்ந்துகொண்டார். "மூணு மேட்சும் தோத்தாச்சு. பேசாம நிறுத்திட்டு டியூஷன் போகட்டும்." மகள் சாப்பிடாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவளே "நான் இனிமே போகலம்மா" என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் நோட்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "2015 முதல் ஆட்டம் படிங்க. 2017 படிங்க. 2019 படிங்க. அன்னைக்கு நீங்க சொன்ன மாதிரி டி.வி.யை அணைச்சிருந்தா என்னத்தப் பார்த்திருப்போம்?" என்றேன். "அவங்க சம்பளம் வாங்கி ஆடுறவங்க, இது பள்ளிக்கூடம்" என்றார். "சம்பளம் வாங்குறவங்களுக்கே அஞ்சு ஆட்டம் டைம் தரோம். பதிமூணு வயசுக் குழந்தைக்கு மூணுதானா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அத்தையிடம் வேறு கணக்கு சொன்னேன். 2018-ல் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரையே ஜெயித்துக் கோப்பை வாங்கினார்கள். 2023-ல் மறுபடியும் வாங்கினார்கள். கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியவர், நம் காவல்துறையில் உதவி ஆய்வாளர் என்றேன். "போலீசா? பந்து ஆடினா கவர்ன்மென்ட் வேலை குடுப்பாங்களா?" என்று கேட்டார் பாருங்கள், அப்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கியது.

கடைசியில் அரையாண்டுப் பரீட்சை வரை ஆடட்டும், மார்க் குறைந்தால் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. நான்காவது ஆட்டம் 1-2. தோல்விதான். ஆனால் ஆறு கோல் வாங்கிய பிள்ளைகள் இரண்டோடு நிறுத்தியிருக்கிறார்கள். மகளே நோட்டில் எழுதினாள். அத்தை இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் முட்டிக் காயத்துக்குத் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டுவிடுவது அவர்தான்.

இன்னும் ஒன்று. 2025 செப்டம்பரில் வழக்கம்போல லீக் ஆரம்பிக்கும் என்று புது நோட்டு வாங்கி வைத்திருந்தேன். போட்டியை நடத்துவதற்கான ஒப்பந்தத் தகராறில் அந்த வருஷம் டிசம்பர் வரை ஒரு லீக் ஆட்டமும் நடக்கவில்லை. 2026 ஜனவரியில்தான் பிப்ரவரி 14-ல் தொடங்கும் என்று அறிவிப்பு வந்தது. அந்த மாதங்களில் நோட்டின் வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும்போது, அந்தப் பழைய 0-3, 0-3 எல்லாம்கூட எவ்வளவோ பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பாட்டோ, பந்தோ, தையலோ, புதுப் பாடமோ ஆரம்பித்து, முதல் இரண்டு தடவை சறுக்கிய பெண் பிள்ளை இருக்கலாம். "உனக்கு இது வராது" என்று யாராவது சொல்லியிருந்தால், அவர்களிடம் இன்னும் நாலைந்து ஆட்டம் டைம் கேட்டு வாங்குங்கள். எங்கள் மகளுக்கு வரும் சனிக்கிழமை ஐந்தாவது ஆட்டம். இந்த முறை பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரும் வருகிறார்.

- ஒரு வாசகி, திருமுல்லைவாயல்.