நெஞ்சுக்குள் ஒரு காற்றுக் குமிழி!

பால் மணம் மாறாத குழந்தைக்கு நுரையீரலில் புற்றுநோய் வருமா?

வரும். ஆனால், மிக மிக அபூர்வம். "புளூரோபல்மனரி பிளாஸ்டோமா" என்பது அதன் பெயர். டாக்டர்கள் சுருக்கமாக "பி.பி.பி." என்பார்கள். இது ஒரு தனி நோய் என்று 1988-ம் ஆண்டில்தான் தெரிய வந்தது.

மூன்று படிகள்

முதல் படியில் இது கட்டி போலவே இருக்காது. நுரையீரலில் காற்றுக் குமிழிகளாக இருக்கும். பெரும்பாலும் 2 வயதுக்குள் தெரிந்துவிடும். அடுத்த படியில் குமிழியும் சதையும் கலந்திருக்கும். மூன்றாவது படியில் முழுவதும் சதைக்கட்டி. இந்த இரண்டும் பெரும்பாலும் 3, 4 வயதில் வெளிப்படுகின்றன.

ஏமாற்றும் நோய்

மூச்சுத் திணறும். இருமல் விடாது. காய்ச்சல் அடிக்கும். நிமோனியா என்றே எண்ணத் தோன்றும். சில சமயம் குமிழி உடைந்து, வெளியேறும் காற்று நுரையீரலை அமுக்கிவிடும்.

குமிழி எல்லாம் புற்றுநோய் அல்ல. பிறவியிலேயே வரும் சாதாரணக் குமிழிகளும் உண்டு. படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. குமிழியை வெட்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

என்ன சிகிச்சை?

குமிழியாக இருக்கும்போதே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். சில குழந்தைகளுக்கு மருந்தும் தேவைப்படும். சதைக்கட்டி ஆகிவிட்டால் ஆபரேஷன் மட்டும் போதாது. வீரியமான புற்றுநோய் மருந்துகளை மாதக்கணக்கில் செலுத்த வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால், முதலில் மருந்தால் சுருக்கி, பிறகு வெட்டி எடுப்பார்கள். இந்த நோய் மூளைக்கும் பரவக்கூடும். ஆகவே தலையையும் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

350 குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி முடிவு 2015-ல் வெளிவந்தது. நோய் கண்டு 5 ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் படியில் 100-க்கு 91 பேர் உயிரோடு இருந்தனர். இரண்டாவது படியில் 71 பேர். மூன்றாவது படியில் 53 பேர்தான்!

தம்பி தங்கைகள்

இது யாருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல. "டைசர்-1" என்ற மரபணுவில் உள்ள கோளாறே காரணம் என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். இந்நோய் கண்ட 10 குழந்தைகளில் சுமார் 7 பேருக்கு இது பிறவிக் கோளாறு. தாய் அல்லது தகப்பனிடமிருந்தும் வரலாம். அவர்கள் நலமாகவே இருக்கவும் கூடும்!

ஆகவே, ஒரு குழந்தைக்கு இந்தக் கோளாறு இருப்பது தெரிந்தால், பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். கோளாறு உள்ள கைக்குழந்தைக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் நெஞ்சை ஸ்கேன் செய்வார்கள். குமிழி இருந்தால் அப்போதே அகப்பட்டுவிடும்.

அண்ணனுக்கு வந்த நோய், தம்பியின் உயிரைக் காப்பாற்ற உதவும்.