மலையேறும் வடம்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமி தட்டையானது. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் அந்நிலத்தில் பார்வையைத் தடுப்பவை பனைகளும் உடைமரங்களுமே. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலைதான் அவ்வட்டாரத்தார் சிறுவயது முதல் அறிந்த குன்று. அங்கும் முருகனைக் காண மலையேற வேண்டியதில்லை. அடிவாரத்தில் மலையைக் குடைந்தே கருவறை அமைத்துள்ளனர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்தக் கழுகுமலை முருகனைத்தான். ஆனால், அதே ஊர்களிலிருந்து பழனிக்குச் செல்வோர் வேறொரு மலையை எதிர்கொள்கின்றனர். அங்கே முருகன் தரையிலிருந்து ஏறத்தாழ 450 அடி உயரத்தில் இருக்கிறான். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 700 படிகள். சரிவு குறைந்த யானைப்பாதையும் உண்டு. அதன் வழியும் ஏற்றமே.

இளைஞருக்கு இது ஒரு பொருட்டன்று. ஆண்டுக்கணக்கில் குனிந்து களையெடுத்து முழங்கால் தேய்ந்த முதியவருக்கோ அந்த 700 படிகளே மலைக்கும் அவருக்கும் இடையே நிற்கும் மதில். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவது மூட்டுகளுக்குக் கடினம் என்பதை வலியுள்ளோர் அனைவரும் அறிவர். 1966ஆம் ஆண்டு பழனியில் முதல் மின் இழுவை இரயில் ஓடத் தொடங்கியபோது அந்த மதிலில் ஒரு வாயில் திறந்தது. கோயில் நிருவாகம் 'மின் இழுவை இரயில்' என்று எழுதினாலும் மக்கள் நாவில் அது 'விஞ்ச்' என்றே வழங்குகிறது. கூட்டம் பெருகப் பெருக இரண்டாவது, மூன்றாவது பாதைகளும் 1980களில் அமைந்தன.

இவ்வகை இரயிலின் சிறப்பு அதன் பெட்டியில் இல்லை, வடத்தில் உள்ளது. பொதுவான இரயிலில் இயந்திரத்தின் சக்கரங்கள் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு உருள்வதால் வண்டி நகர்கிறது. எஃகின் மேல் எஃகு உருளும்போது உராய்வு குறைவு. சமவெளியில் அது பெரும் நன்மை. கோவில்பட்டி வழியே நீண்ட சரக்கு இரயில்கள் எளிதாக ஓடுவதற்கு அதுவே காரணம். சரிவு மிகும்போது அதே நன்மை குறையாகிவிடும்; சக்கரம் பிடிமானமின்றி வழுக்கும். இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, அதைப் பற்சக்கரத்தால் பற்றி ஏறுவது ஒன்று. நீலகிரி மலை இரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே இவ்வாறுதான் ஏறுகிறது. ஆயினும் ஏறத்தாழ 12 மீட்டர் சென்றால்தான் அது ஒரு மீட்டர் உயரும். அதைவிடச் செங்குத்தான இடங்களில் பெட்டியை மேலிருந்து வடம் கட்டி இழுப்பதே பொருத்தம். இதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'ஃபுனிகுலர்' என்னும் பெயரும் சிறுகயிறு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

வடத்தால் எடை இழுப்பது கரிசல் உழவருக்குப் புதிதன்று. மின்மோட்டார் வருமுன் ஆழ்கிணறுகளில் கமலை இறைத்தனர். மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, வடம் உருளைமேல் ஓட, நீர் நிறைந்த சால் மேலே வந்து தும்பி வழியாக வாய்க்காலில் கொட்டும். மேட்டில் நின்று இழுக்காமல் சரிவில் இறங்கி இழுப்பதால் மாட்டின் உடல் எடையும் இழுவைக்குத் துணைசெய்யும். வீட்டுக் கிணற்றில் இன்னொரு முறையைக் காணலாம். ஒரே கயிற்றின் இருமுனையிலும் வாளி கட்டியிருந்தால், வெற்றுவாளி இறங்கும்போதே நிறைவாளி ஏறும். ஏறும் வாளியின் எடையை இறங்கும் வாளியின் எடை ஈடுசெய்துவிடும். இழுப்பவர் நீரின் எடையை மட்டும் தூக்கினால் போதும்.

இழுவை இரயிலின் அடிப்படையும் இதுவே. ஒரே வடத்தின் இருமுனைகளில் இரண்டு பெட்டிகள் பிணைக்கப்படும். உச்சியிலுள்ள பெரிய உருளையை மோட்டார் சுழற்ற, ஒன்று ஏற மற்றொன்று இறங்கும். ஏறும் பெட்டியில் 36 பேரும் இறங்கும் பெட்டியில் 30 பேரும் இருப்பதாகக் கொள்வோம். பெட்டிகளின் எடை ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். எஞ்சுவது ஆறு பேரின் எடையும் உராய்வும்தான். பழனி மலையின் தலபுராணம் அறிந்தவர்க்கு இங்கே இடும்பனின் நினைவு வரலாம். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டின் இருபுறமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தான் என்பது கதை. காவடியும் எடைக்கு எடை ஈடுசெய்யும் கருவியே.

இதனைக் கணக்காகவும் பார்க்கலாம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை 450 அடி, அதாவது ஏறத்தாழ 137 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 80,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 இலட்சம் ஜூல். உராய்வும் பிற இழப்புகளும் இல்லையெனக் கொண்டால், ஒரு யூனிட் மின்சாரம் ஏறத்தாழ 45 பேரை மலையுச்சியில் சேர்த்துவிடும். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகச் செலவாகும். எனினும், மூச்சு வாங்க ஏறும் உழைப்பு மின்கணக்கில் இத்துணைச் சிறிதா என்று வியக்கத் தோன்றுகிறது.

இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனிப் பாதை அமைத்தால் செலவு இருமடங்காகும். ஒரே பாதையில் ஓடினால் நடுவழியில் மோதும். பாதையின் சரிபாதியில் மட்டும் இருகிளையாகப் பிரித்து மீண்டும் ஒன்றாக்கும் முறை பிறந்தது. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஏறும் கீஸ்பாக் இழுவை இரயிலில் 1879இலேயே இவ்வமைப்பு இருந்தது. ஆனால், எந்தப் பெட்டி எந்தக் கிளையில் செல்லும் என்பதை யார் முடிவுசெய்வது? ரோமன் ஆப்ட் என்னும் சுவிஸ் பொறியாளர் இதற்கு நேர்த்தியான விடை கண்டார். பெட்டியின் ஒருபுறச் சக்கரங்களுக்கு இருபக்கமும் விளிம்பு. மறுபுறச் சக்கரங்கள் விளிம்பற்ற உருளைகள். ஒரு பெட்டிக்கு இடப்புறம் விளிம்பு என்றால் இணைப்பெட்டிக்கு வலப்புறம். விளிம்புள்ள சக்கரம் தன் பக்கத்துத் தண்டவாளத்தை விடாது பற்றிச் செல்ல, ஒவ்வொரு பெட்டியும் எப்போதும் தனக்குரிய கிளையிலேயே திரும்பும். நகரும் உறுப்பு எதுவும் பாதையில் தேவையில்லை. 1886இல் லுகானோ என்னும் ஏரிக்கரை நகரில் இது நடைமுறைக்கு வந்தது. நீலகிரி மலை இரயிலின் பற்சட்ட முறையும் இதே ஆப்ட் வகுத்ததுதான். உதகைக்கு ஏறும் தமிழர் தம்மை அறியாமலே அவருடைய மூளையைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றனர்.

ஏரியும் மலையும் அருகருகே அமைந்த ஊர்களில் இவ்வூர்தி பெரிதும் பரவியது. இத்தாலியின் கோமோ நகர ஏரிக்கரையிலிருந்து மேலேயுள்ள புருனாத்தே என்னும் சிற்றூருக்கு 1894 முதல் இழுவை இரயில் ஓடுகிறது. தொடக்கத்தில் நீராவியால் இயங்கிப் பின்னர் மின்சாரத்துக்கு மாறிய அது, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளப் பாதையில் ஏறத்தாழ 500 மீட்டர் உயர்கிறது. கரிசல்காட்டாரைத் திகைக்கச் செய்வது போர்ச்சுகலின் பிராகா நகரருகே உள்ளது. போம் ஜேசுஸ் என்னும் மலைத் தேவாலயத்துக்குப் பழனியைப் போலவே நெடிய படிவரிசை உண்டு. அதன் அருகே 1882இல் அமைத்த இழுவை இரயில் இன்றும் நீரின் எடையால் இயங்குகிறது. உச்சியில் நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீர் நிரப்புவர். எடை மிகுந்த அது இறங்க, கீழே நின்ற பெட்டி மேலேறும். அடிவாரம் சேர்ந்ததும் நீரைத் திறந்துவிடுவர். குடிநீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊர்களில், நீரை எடைக்கல்லாக்கிப் பின் கொட்டிவிடும் இச்செய்தியைச் சொன்னால் நம்புவது கடினம்.

மலேசியாவின் பினாங்கு மலையில் 1923இல் இழுவை இரயில் வந்தது. அதற்கு முன் வசதி படைத்தோர் நாற்காலிகளில் அமர்ந்து மனிதர் தோள்மேல் மலையேறினர். அந்த மலையுச்சியில் தமிழர் வழிபடும் முருகன் கோயில் ஒன்று இருக்கிறது. 2010 வரை பயணிகள் நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டியிருந்தது; புதிய ஊர்திகள் வந்தபின் அத்தேவை நீங்கியது.

வடமே உயிர்நாடி என்பதால் அதன் வரலாறும் அறியத்தக்கது. முன்னாளில் சுரங்கங்களில் நார்க்கயிறும் இரும்புச் சங்கிலியும் பயன்பட்டன. சங்கிலியில் ஒரு கண்ணி தெறித்தால் முன்னறிவிப்பின்றி அனைத்தும் அறுந்துவிடும். 1834இல் ஜெர்மானியச் சுரங்க அலுவலர் வில்ஹெல்ம் ஆல்பர்ட், இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் திரித்தார். பல கம்பிகள் சேர்ந்த வடத்தில் ஒன்றிரண்டு அறுந்தாலும் மற்றவை தாங்கும். அறுந்த கம்பி வெளியே துருத்திக்கொண்டு எச்சரிக்கையும் தரும். அந்த எச்சரிக்கையைப் பார்க்க ஒரு கண் வேண்டும் என்பதுதான் செய்தி. வடத்தைத் தடவிப் பார்ப்பதும், காந்தக் கருவியால் உள்ளிருக்கும் முறிவைக் கண்டறிவதும், பிணைப்புகளைச் சோதிப்பதும் இவ்வூர்தியின் அன்றாட வாழ்வு.

இவை தவறினால் நேர்வது என்ன என்பதை லிஸ்பன் நகரம் காட்டியது. அங்கே 1885 முதல் ஓடிய குளோரியா இழுவை ஊர்தியின் வடம் 2025 செப்டம்பர் 3 அன்று பெட்டியோடு பிணைந்த இடத்தில் விடுபட்டது. சமன்செய்யும் இணைப்பெட்டியின் துணை அக்கணமே அற்றுப்போயிற்று. பெட்டியின் தடைகளால் மட்டும் முழு எடையையும் நிறுத்த இயலவில்லை. 16 பேர் இறந்தனர். எடைக்கு எடை ஈடுசெய்யும் முறையின் மறுபக்கம் இது. வடம் இருக்கும்வரை ஒரு சிறு மோட்டார் போதும். வடம் போனபின் பெட்டி வெறும் எடை. எனவே, வடம் தளர்ந்த உடனே தண்டவாளத்தைத் தாமாகவே கவ்விக்கொள்ளும் தடைகள் இன்றியமையாதவை. பராமரிப்புக்காக ஊர்தி நிறுத்தப்பட்டுள்ளது என்னும் அறிவிப்பைக் கண்டு முணுமுணுக்கும் பயணி, அன்று அங்கே நடப்பது இச்சோதனைதான் என்று அறிந்தால் சற்று அமைதியடைவார்.

பழனியில் 2004 முதல் கம்பிவட ஊர்தியும் இயங்குகிறது. 'ரோப் கார்' என வழங்கும் அது அந்தரத்தில் தொங்கிச் செல்வது. விஞ்சைவிட விரைவாக உச்சியை அடைவது. ஆனால், காற்று வலுத்தால் அதனை நிறுத்திவிடுவர். தண்டவாளத்தில் அமர்ந்து ஏறும் விஞ்சுக்கு அந்த அச்சம் குறைவு. புதியது வந்தபின்னும் பழையது ஓய்வுபெறாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நடந்து ஏறுவதே நேர்த்திக்கடன், ஊர்தியில் ஏறினால் பலன் இல்லை என்பாரும் உளர். தைப்பூசத்துக்குப் பல நாள் பாதயாத்திரையாக வருவோரைக் கண்டவர்க்கு அக்கருத்தின் வலிமை விளங்கும். எனினும், காலால் ஏற இயன்றவர் வகுத்த அளவுகோலை இயலாதவர் மேல் வைப்பது முறையாகாது. கோவில்பட்டி, விருதுநகர், மதுரை, திண்டுக்கல் வழியாக இரயிலில் வந்திறங்கும் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் படிவழியாக ஓட, பாட்டி விஞ்சு வரிசையில் நிற்பது இயல்பான காட்சி. பெட்டி நகரத் தொடங்கியதும் அடிவாரக் கடைகள் தாழ்ந்து செல்லும். சற்று உயர்ந்தபின் ஊரும், ஊரை ஒட்டிய வையாபுரிக் குளமும், அப்பால் பச்சை வயல்களும் கண்ணில் படும். தெற்கே கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாக எழுந்து நிற்கும். சில நிமிடங்களில் பெட்டி மேல்நிலையத்தில் நிற்க, பாட்டி இறங்கி, படிவழியே வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பாள்.