போன குலுக்கலும் நாளைய சீட்டும்

மாட்டுப்பட்டித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுத்து உங்களை வளர்த்த பெற்றோரின் கூலியை நினைத்துப்பாருங்கள். அந்தக் கூலியில் ஒரு பங்கு லாட்டரிக் கடைக்கும் போவதுண்டு.

கேரள அரசு 1967-ல் லாட்டரியைத் தொடங்கியது. 1968 ஜனவரி 26-ல் நடந்த முதல் குலுக்கலில் சீட்டு 1 ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடைசெய்தது. மலைக்கு அப்பால் விற்பனை தொடர்கிறது.

“ஏழு பல நாளாக விழவில்லை, நாளை நிச்சயம் விழும்” என்று பத்துச் சீட்டுகளை வாங்குவோர் உண்டு. இது மயக்கமே. ஒவ்வொரு குலுக்கலிலும் பத்து இலக்கங்களும் மறுபடி இடம்பெறுகின்றன. கடைசி இலக்கம் ஏழாக அமையும் வாய்ப்பு நாளையும் பத்தில் ஒன்றுதான்.

பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில், வெளிவந்த சீட்டு மறுபடி கலைக்கும்வரை கட்டுக்குத் திரும்பாது. ஆகவே அங்கே கடந்தது ஓரளவு கணக்கில் வரும். கணித அறிஞர் எட்வர்ட் தார்ப் 1962-ல் இதை நூலாகவே எழுதினார். லாட்டரியிலோ அந்த நினைவுக்கும் இடமில்லை.

ஆகையால் நேற்று இழந்ததை மீட்க இன்று இரட்டிப்பாக வாங்காதிருங்கள். இழந்தது போயிற்று, கையில் மீந்திருப்பது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். ஊருக்குப் பணம் அனுப்பும்போது இதையும் சொல்லியனுப்புங்கள்.